“விருப்பமில்லாட்டி கூட்டிக்கொண்டு போங்கோ”: பராமரிப்பு இல்லத்துக்குள் நடப்பதை யார் கேட்பது?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் இல்லத்தையும் காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 23 வயது. பிறப்பிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. சில சொற்கள்தான் பேசுவார். வலிப்பும் உண்டு. அப்பா 2009 இல் இல்லாமற் போனவர். அம்மா கச்சான் பிடுங்கவும் மிளகாய்த் தோட்டத்துக்கும் நாட்கூலிக்குப் போகிறார். கடிதம் எழுதியவருக்குக் கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை. தம்பியை வீட்டில் தனியே விட வழியில்லாமல், வெளிநாட்டுக் காசில் நடக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இரண்டு வருடத்துக்கு முன் சேர்த்தார்கள். மாதக் கடைசியில் வானில் கொண்டுவந்து விடுவார்கள். இரண்டு நாள் வீட்டில் நிற்பார்.

சில மாதங்களாக, வரும்போது இடது மணிக்கட்டைச் சுற்றித் தடம். படுக்கப் போகும்போது இரண்டு கையையும் சேர்த்து நீட்டி “கட்டு, கட்டு” என்கிறாராம். அறைக் கதவைச் சாத்தினால் கத்துகிறார். முன்பு இல்லாத ஒரு குளிசையும் வருகிறது. அதைக் குடித்தால் மத்தியானம் வரை தூங்கி வழிகிறார்.

கேட்டதற்குப் பொறுப்பாளர் சொன்ன பதில்: “அவர் மண்டையைச் சுவரில அடிக்கிறார், மற்றப் பிள்ளையளுக்கும் அடிக்கிறார். அவற்ற பாதுகாப்புக்குத்தான் கட்டுறம், கொஞ்ச நேரம் தனிய விடுறம். இதுக்குப் பேர் நேர்மறை ஆதரவு, நாங்கள் ட்ரெயினிங் எடுத்தனாங்கள். விருப்பமில்லாட்டி கூட்டிக்கொண்டு போங்கோ.” சேர்க்கும்போது அம்மா கையெழுத்து வைத்த படிவத்தில், தேவையான எந்த நடவடிக்கைக்கும் சம்மதம் என்று ஒரு வரி இருக்கிறதாம். மெல்பேணில் இதே துறையில் வேலை செய்யும் மச்சாளோ, “இங்க எண்டா ஒருக்காக் கட்டினாலும் ஆணைக்குழுவுக்கு அறிக்கை போகோணும், அங்கயும் முறைப்பாடு குடு” என்கிறாராம்.

கையெழுத்து வைத்த பிறகு கேட்க உரிமை உண்டா, சிறுவர் பாதுகாப்பு இலக்கமான 1929 க்கு எடுக்கலாமா, முறைப்பாடு கொடுத்தால் இடமும் அரசு தரும் மாதக் கொடுப்பனவும் போய்விடுமா, தம்பியின் கையை எடுத்த வீடியோவை முகநூலில் போடட்டுமா என்று கேட்டுவிட்டு, “எங்கட நாட்டில இதையெல்லாம் கேட்க ஆளில்லைத்தானே அக்கா” என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓரிடத்தில் இல்லை. மெல்பேணில் ஒரு ஆணைக்குழு செய்கிற வேலை இங்கே பிரதேச செயலகம், மாகாணத் திணைக்களம், வைத்தியசாலை, பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு என்று பல மேசைகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரு மேசைக்கு மற்ற மேசையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தக் காகிதங்களை ஒன்றோடொன்று கோர்க்கிற வேலை, கூலிக்குப் போகும் தாயின் தலையிலும் கடையில் நிற்கும் அக்காவின் தலையிலும் வந்து விழுகிறது. இது நியாயமில்லை. என்றாலும் இன்றைக்கு வன்னியில் ஒரு குடும்பம் இறங்கக்கூடிய பாதை இதுதான். அதை எந்த ஒழுங்கில் இறங்குவது என்று சொல்கிறேன்.

முதலில் வைத்தியசாலை

தம்பி அடுத்த முறை வரும்போது தடம் இருந்தால், அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிவிட்டு இருக்காதீர்கள். மணிக்கட்டுத் தடம் சில நாட்களில் மாறிவிடும். அதோடு உங்கள் முறைப்பாடும் வாய்ப்பேச்சாகிவிடும். வைத்தியரிடம் “இல்லத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறோம், சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும்” என்று நேராகச் சொல்லுங்கள். போகுமுன் படம் எடுங்கள். தடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். முகமும் கையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படமும் இருக்கட்டும்.

அதே வைத்தியரிடம் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாய்விட்டு நோவைச் சொல்ல முடியாத ஒருவர் தலையைச் சுவரில் அடிக்கிறார் என்றால், முதலில் தேட வேண்டியது உடம்பில் எங்காவது நோ இருக்கிறதா என்பதைத்தான்.

குளிசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோபத்தில் நீங்களாக ஒன்றையும் நிறுத்த வேண்டாம். வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புதிய குளிசையையும் அட்டையோடு கொண்டுபோய், கிளினிக் கொப்பியில் அது எழுதப்பட்டிருக்கிறதா, எந்தத் திகதியில், எந்த வைத்தியரால், என்ன காரணத்துக்கு என்று கேளுங்கள். மனநல வைத்தியர் தம்பியைப் பார்த்து எழுதியிருந்தால் அளவைப் பற்றிப் பேசலாம். யாரும் எழுதாமல் இல்லத்தில் கொடுக்கத் தொடங்கியிருந்தால், அது கயிற்றைவிடச் சின்ன விஷயமில்லை.

மாதக் கடைசி முடிந்து வான் வரும்போது தம்பி ஏற மறுத்தால் ஏற்றாதீர்கள். அவர் வளர்ந்த ஆள். “வேண்டாம்” என்பதைச் சொல்லில் சொன்னாலும் உடம்பால் சொன்னாலும் அது அவருடைய பதில்தான்.

அம்மாவின் கையெழுத்து

அந்தப் படிவத்தை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. 18 வயது கடந்த ஒருவருக்கு, தாய் என்ற ஒரே காரணத்தால் அம்மா சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். அப்படி ஒரு கட்டளை இருந்தாலும்கூட, ஒருவரைக் கட்டிவைக்க இன்னொருவர் முன்கூட்டியே சம்மதம் எழுதிக்கொடுக்க முடியாது. கொடூரமான, இழிவான நடத்துகையிலிருந்து காக்கும் அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை எந்தக் காரணத்துக்காகவும் மட்டுப்படுத்த முடியாது. ஒருவரை நியாயமின்றி மறித்து வைப்பதும் அடைத்து வைப்பதும் தண்டனைச் சட்டக்கோவையின் 332, 333 ஆம் பிரிவுகளின்படி குற்றம். இல்லம் நல்ல நோக்கத்தோடு நடத்தப்படுகிறது என்பதால் அந்தப் பிரிவுகள் அதன் கேற்றுக்கு வெளியே நின்றுவிடாது.

இல்லத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தம்பி இன்னொருவரின் கண்ணில் குத்தப் போகிற நேரம் கையைப் பிடித்து நிறுத்துவது குற்றமில்லை. பிடிக்காமல் விட்டால்தான் பிழை. அந்த ஆபத்து விலகியதும் கை விடப்பட வேண்டும். சாரத்துணியால் சன்னல் கம்பியோடு கட்டிவிட்டுச் சமைக்கப் போவது வேறு கதை. இரவில் ஒரேயொரு அன்ரிதான் எல்லோரையும் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்ரியும் நம்முடைய சனம்தான், சம்பளமும் பெரிதாக இருக்காது. கட்டியது அவர் கையாக இருக்கலாம். ஆனால் ஒரு ஆளை மட்டும் இரவு வேலைக்கு விட்டது அவருடைய தீர்மானமாக இருக்காது. முறைப்பாட்டை அவர்மேல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நேர்மறை ஆதரவு என்று சொன்னால் காட்ட என்ன இருக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: கரண்ட் நின்று ஜெனரேட்டர் போட்டால் தம்பி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான், சாப்பாடு பிந்தினால் தலையில் அடிப்பான். நேர்மறை ஆதரவு என்பது, ஒரு நடத்தைக்குக் காரணம் என்ன என்று தேடி, அந்தக் காரணத்தை மாற்றி உதவுவது. பொறுப்பாளர் எடுத்ததாகச் சொல்கிற பயிற்சியின் முதல் பாடமே இந்த இரண்டு வரிதான். ஒரு நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, நடத்தை என்ன, பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்று சில வாரம் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியவரும். ஜெனரேட்டர் சத்தம், தலையடி, பிறகு இருட்டறை. இருட்டறையில் சத்தம் குறைவு என்றால், தலையை அடித்தால் சத்தம் நிற்கும் என்று தம்பியும் படித்துக்கொள்கிறார். கட்டக் கட்ட அடி கூடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உண்மையான ஆதரவுத் திட்டம் ஒன்றை எழுதினால் அது இப்படி இருக்கும். ஜெனரேட்டரைப் போடுமுன் தம்பியை முன் வளவுக்குக் கூட்டிப்போவது. காதுக்கு ஒரு உறை கொடுப்பது. சாப்பாடு வரும் நேரத்தைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி, கை காட்டிக் கேட்கப் பழக்குவது. அவர் படம் காட்டிக் கேட்டால் உடனே கொடுப்பது. யார், எப்போது, எப்படிச் செய்வது என்று பெயர் போட்டு எழுதுவது. சில மாதத்தில் அடி குறைந்ததா என்று எண்ணிப் பார்ப்பது. குறையாவிட்டால் திட்டத்தை மாற்றுவது, கயிற்றை எடுப்பதில்லை.

மச்சாள் சொன்னது அவுஸ்திரேலியாவுக்குச் சரி. அங்கே தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டத்துக்கென 2018 இல் தொடங்கிய தர, பாதுகாப்பு ஆணைக்குழு, ஒருவரைக் கட்டுப்படுத்தும் முறைகளை ஐந்தாகப் பிரித்துப் பார்க்கிறது: தனியே அடைப்பது, மருந்தால் அடக்குவது, கட்டிவைப்பது போலக் கருவியால் தடுப்பது, ஆள்பலத்தால் பிடிப்பது, பூட்டும் தடுப்பும் போட்டுச் சூழலை அடைப்பது. இவற்றில் எதையும் தகுதியுள்ள ஒருவர் எழுதிய திட்டமும் அனுமதியும் இல்லாமல் செய்தால், அதை ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். திட்டத்தின் நோக்கமும் இவற்றைக் குறைத்து இல்லாமற் செய்வதுதான். ஆகவே பொறுப்பாளர் “நேர்மறை ஆதரவு” என்று சொன்ன இரண்டு காரியமும், அந்த முறையைப் பின்பற்றும் நாட்டில் அதற்கு எதிர்ப்பக்கப் பட்டியலில்தான் இருக்கின்றன. அவருக்குத் தொந்தரவு கொடுக்கிற நோக்கமில்லாமல் இதை அமைதியாகச் சொல்லலாம். உண்மையிலேயே தெரியாமல் இருக்கவும் கூடும்.

ஆனால் மச்சாளின் சட்டம் கடல் தாண்டி இங்கே வராது, தங்கச்சி. அங்கேயும் சட்டம் இருந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறையையும் புறக்கணிப்பையும் விசாரிக்க 2019 இல் ஒரு அரச விசாரணைக் குழுவே அமைக்க வேண்டி வந்தது. அது 2023 இல்தான் இறுதி அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்தில் பிறிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போன் வியூ என்ற தனியார் வைத்தியசாலையில் நடந்த சித்திரவதை 2011 இல் பிபிசியின் மறைவுக் கமராவால்தான் வெளியே வந்தது. அங்கே வேலை செய்த ஒரு தாதி அதற்கு முன்பே நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு ஆணையத்துக்கும் சொல்லியிருந்தார். யாரும் தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. பிறகு 11 ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். ஒரு இடத்தில் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நமக்குக் கிட்டத்தில் நடந்ததையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். கட்டிவைப்பது பாதுகாப்புக்குத்தான் என்று யாராவது சொன்னால், இரவில் தீப்பிடித்தால் முடிச்சை யார் அவிழ்ப்பது என்று கேளுங்கள்.

இங்கே யாருக்கு எழுதுவது?

1929 சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். தம்பிக்கு 23 வயது என்பதால் அது அவருக்கான வழியில்லை. அந்த இல்லத்தில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் கட்டுவதை நீங்கள் கண்டிருந்தால் அவர்களுக்காகத் தாராளமாக எடுக்கலாம்.

தம்பிக்கு முதல் மேசை, இல்லம் இருக்கிற பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் தேசியப் பேரவை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியச் செயலகம் இருக்கிறது. மாகாண மட்டத்தில் சமூக சேவைகள் திணைக்களம் இருக்கிறது. இவர்கள் எல்லோருக்கும் கீழே களத்துக்குப் போகக்கூடிய ஆள் அந்த உத்தியோகத்தர்தான். போய்ப் பேசுங்கள், ஆனால் கடிதமும் கொடுங்கள். ஒரு பிரதியில் “கிடைத்தது” என்று திகதி முத்திரை வாங்குங்கள். அதே கடிதத்தைப் பிரதேச செயலாளருக்கும் மாகாணத் திணைக்களப் பணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். விதானையாருக்கு வாயால் சொல்லிவிட்டு வந்தது முறைப்பாடாகாது.

கடிதத்தில் “எங்கள் பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறார்கள்” என்று எழுதினால், “அப்படி ஒன்றுமில்லை” என்று பதில் வரும். திகதி, இடது மணிக்கட்டு, வைத்தியசாலைச் சீட்டின் இலக்கம், பொறுப்பாளர் சொன்ன வாக்கியம், இவற்றை எழுதுங்கள். பிறகு, முன்னறிவித்தல் கொடுக்காமல் போய்ப் பார்த்து எழுத்தில் அறிக்கை தரும்படி கேளுங்கள். முன்னறிவித்தல் இல்லாமல் என்பது முக்கியம். நாளை வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிற நாளில் எந்த இல்லமும் கூட்டிப் பெருக்கித்தான் இருக்கும்.

இதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கையிலெடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச செயலகத்தினதும் மாகாணத் திணைக்களத்தினதும் தகவல் அலுவலரிடம் இவற்றைக் கேளுங்கள்:

இந்த இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் திகதியில் பதிவு செய்யப்பட்டது? கடைசியாக அலுவலர் போய்ப் பார்த்தது எப்போது, அந்த அறிக்கையின் பிரதி எங்கே? ஒருவரைக் கட்டுவதையோ தனியே அடைப்பதையோ பற்றி இல்லத்துக்குக் கொடுத்த அறிவுறுத்தல் ஏதும் உண்டா? இல்லத்தைப் பற்றி வந்த முறைப்பாடுகளில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?

வழமையாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோரிக்கை கொடுப்பவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடையது என்றால் 48 மணித்தியாலம். தம்பி அடைத்து வைக்கப்படுகிறார் என்று நீங்கள் நம்புவதால், கோரிக்கையைத் தம்பியின் பெயரிலேயே எழுதி, அதன் தலையிலேயே அந்த 48 மணித்தியாலத்தைக் குறிப்பிடுங்கள். அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அந்தச் சேவை பற்றிய தகவலைப் பொறுத்தவரை இச்சட்டத்துக்குள் வரும். உறவுகள் தனிப்பட்ட முறையில் அனுப்பும் காசில் மட்டும் நடக்கிற இல்லம் வராது. அதனால்தான் அரச அலுவலகத்திடம் கேளுங்கள் என்கிறேன்.

அடுத்தது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் முறைப்பாடு கொடுக்கலாம். பலர் தவறவிடுகிற ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. அடிப்படை உரிமை மீறல் என்பது அரச நிறைவேற்று, நிருவாகச் செயலைப் பற்றியது. “தனியார் இல்லம் கட்டுகிறது” என்று மட்டும் எழுதினால், இது எங்கள் எல்லைக்குள் வராது என்ற பதில் வரக்கூடும். “மேற்பார்வை செய்ய வேண்டிய அரச அலுவலருக்கு இன்ன திகதியில் எழுத்தில் அறிவித்தோம், அவர்கள் செயற்படவில்லை” என்று அரசின் செயலின்மையையும் சேர்த்து எழுதுங்கள். முத்திரை வாங்கிய பிரதி இங்கேதான் கைகொடுக்கும். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போடுவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்து விசாரணை நிலுவையில் இருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஆறப்போட வேண்டாம்.

நீதிமன்றக் கட்டளையால் மட்டுமல்ல, வேறு விதமாகத் தடுத்து வைக்கப்பட்டவர்களின் நலனையும் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு. பூட்டிய அறைக்குள் இருக்கிற வளர்ந்த ஆளும் அதற்குள் அடங்குவார் என்பது என் வாதம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 16 ஆவது உறுப்புரையின் மூன்றாம் பந்தி, மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லா நிலையங்களையும் திட்டங்களையும் சுயாதீனமான அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. எல்லா நிலையங்களையும், அரச நிலையங்களை மட்டும் என்று அங்கே இல்லை. முறைப்பாட்டில் இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். நம்முடைய நீதிமன்றத்தில் இதைத் தனியே வைத்து வழக்காட முடியாது, ஆனால் ஆணைக்குழு இதைத் தட்டிவிட முடியாது.

பொலிஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வைத்தியசாலையில் காயம் பதிவானால் பொலிஸ் எப்படியும் வந்து கேட்கக்கூடும். வந்தால் மறைக்க வேண்டாம். புதிய காயமோ, மயக்கமோ, உடனடி ஆபத்தோ என்றால் மேலே சொன்ன ஒழுங்கையெல்லாம் விட்டுவிட்டு முதலில் பொலிஸுக்குத்தான் போக வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

காசு அனுப்புகிறவர்கள்

அரச மேசை எதிலும் இல்லாத ஒரு மேற்பார்வை உங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இல்லங்களுக்குப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் தகப்பனின் திவசத்துக்கும் மதியச் சாப்பாடு கொடுக்கச் சொல்லி லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் காசு வரும். போன கையோடு படம் திரும்பி வரும்: வாழையிலை, பாயாசம், வரிசையாகப் புதுச் சேட்டோடு பிள்ளைகள். படத்தில் மணிக்கட்டை யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. மச்சாளுக்குத் துறை தெரியும். ஆத்திரத்தில் நிதியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். நிறுத்தினால் முதலில் குறைவது பிள்ளைகளின் சாப்பாடு. நிதி கொடுக்கிற சங்கத்திடம் அவர் மூன்று கேள்வியைக் கேட்கட்டும்: இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், கட்டுவதும் அடைப்பதும் பதிவேட்டில் எழுதப்படுகிறதா, வெளியாள் ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்க்கிறாரா. இரண்டாவது இரவு ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க அந்தச் சங்கம் முன்வந்தால், எந்தச் சட்டப் பிரிவையும்விட அது சீக்கிரம் வேலை செய்யும்.

இடமும் கொடுப்பனவும்

இதில் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். முறைப்பாடு கொடுத்ததற்காகத் தனியார் இல்லம் தம்பியை வைத்திருக்க மறுத்தால், வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வலுவான சட்டம் நம்மிடம் இல்லை. அந்த ஆபத்து உண்மையானது. மறுபக்கத்தில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ மிரட்டுவதும் பழிவாங்குவதும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். யாராவது தொலைபேசியில் வெருட்டினால் திகதியும் நேரமும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கொடுப்பனவு பற்றி அம்மாவின் பயம் தேவையற்றது. அது தம்பிக்குரியது, பிரதேச செயலகத்தினூடாக வருகிறது, இல்லம் கொடுப்பதில்லை. கொடுப்பனவுப் புத்தகமோ வங்கி அட்டையோ இல்லத்தின் கையில் இருந்தால் முறைப்பாடு கொடுக்குமுன் கேட்டு வாங்குங்கள்.

சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்கும்போது முறைப்பாட்டை மட்டும் கொடுத்துவிட்டு எழும்பி வராதீர்கள். பகலில் மட்டும் பார்க்கும் நிலையம் கிட்ட எங்கே உண்டு, சமுதாய அடிப்படையிலான புனர்வாழ்வுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பழக்கக்கூடியவர்கள் உண்டா, வைத்தியசாலை மனநலப் பிரிவு வீட்டுக்கு வருமா என்று கேளுங்கள். மாற்று இடம் கைக்கு எட்டினால், “கூட்டிக்கொண்டு போங்கோ” என்ற சொல்லுக்கு இப்போதிருக்கிற பலம் இருக்காது.

எல்லாம் முடிந்து தம்பி அதே இல்லத்துக்குத் திரும்பவும் கூடும். அப்படியென்றால் எழுத்தில் நான்கு விஷயம் வாங்காமல் அனுப்ப வேண்டாம். அவருக்கென எழுதிய ஆதரவுத் திட்டத்தின் பிரதி. கையைப் பிடித்தாலும் கதவைச் சாத்தினாலும் அன்றைக்கே உங்களுக்கு அழைப்பு எடுப்பார்கள் என்ற உறுதி. வைத்தியர் எழுதாத குளிசை கொடுப்பதில்லை என்ற உறுதி. சொல்லாமல் எந்த நேரத்திலும் நீங்கள் போய்ப் பார்க்கலாம் என்ற அனுமதி. நான்காவதை மறுக்கிற இல்லத்திடம் மற்ற மூன்றையும் வாங்கிப் பயனில்லை.

முகநூல் வேண்டாம்

அந்த வீடியோவில் தம்பி மேற்சட்டை இல்லாமல், வாயில் எச்சில் வழிய நிற்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊர் முழுக்க அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. போட்ட பிறகு அழித்தாலும் அது யாருடைய போனிலாவது இருக்கும். இல்லத்தின் பெயரைப் போட்டு எழுதினால் மானநட்ட வழக்கு வரலாம். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் காட்டி உங்களையே விசாரணைக்கு இழுக்கவும் பார்ப்பார்கள். முறைப்பாடு உங்கள் கையை விட்டுப்போய், கருத்துப் பெட்டியில் இரண்டு கட்சி சண்டை பிடிக்கிற விஷயமாகிவிடும். வீடியோவை வெட்டாமல், பெயர் மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். ஒரு பிரதியை வேறொரு போனிலும் போட்டு வையுங்கள். சட்ட வைத்திய அதிகாரிக்கும் ஆணைக்குழுவுக்கும் மட்டும் காட்டுங்கள்.

கடிதங்கள் எழுத ஆள் தேவையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். கிளிநொச்சியிலும் இருக்கிறது, உங்கள் கடையிலிருந்து தூரமில்லை. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணிக்குக் காசு கேட்க மாட்டார்கள். போகும்போது தம்பியின் அடையாள அட்டையின் பிரதி, கிளினிக் கொப்பி, குளிசை அட்டைகள், அம்மா கையெழுத்து வைத்த படிவம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். படிவத்தின் பிரதி கையில் இல்லாவிட்டால் இல்லத்திடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்த திகதியையும் மறுத்தவரின் பெயரையும் ஒரு சீஆர் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து தம்பி வீட்டில் நிற்கிற இரண்டு நாளும் என்ன சத்தம் கேட்டது, எப்போது சாப்பிட்டார், எப்போது தலையில் அடித்தார் என்று அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி வாருங்கள்.